வல்லக்குறிச்சி விலக்கின் திட்ட விலக்கம்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை காலை, அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை செல்லும் ‘பூஞ்சோலை’ தனியார் பஸ் மெயின் ரோட்டிலிருந்து கிளைச்சாலை பிரியும் வல்லக்குறிச்சி விலக்கில் 8.24-க்கு ஆள் ஏற்றியது. விலக்கில் உள்ள தகரப் பலகையில் 8.10 என்று எழுதியிருந்தது.

அந்த பஸ்ஸில் ஏறியவர்களில் ரீட்டாவும் ஒருத்தி. வயது இருபத்தைந்து. ஆவூரில் பிறந்து, லியோனைக் கட்டிக்கொண்டு விலக்கிலேயே குடிவந்தவள். லியோன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். ரீட்டா புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிகளைப் பதிவுசெய்யும் மேசையில் இருக்கிறாள். வேலை ஒன்பது மணிக்கு. விரல் வைக்கும் கருவி 9.05 வரை பொறுக்கும். அன்று அவள் விரல் வைத்தபோது 9.11.

கூடத்தின் மேலாளர் சிவரஞ்சனி கோபக்காரி அல்ல. ரீட்டாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொன்னாள். ஜூலைக்கு எச்சரிக்கை மட்டும். ஆகஸ்டிலிருந்து மாதத்தில் ஆறாவது தாமதம் விழுந்தால் அடுத்த மாதம் மதிய ஷிப்ட், இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை. இது எல்லாருக்கும் பொருந்தும், தனக்கும்கூட என்றாள்.

பத்து மணிக்கு மேல் வல்லக்குறிச்சிப் பக்கம் எந்த பஸ்ஸும் கிடையாது. மதிய ஷிப்ட் என்றால் ரீட்டாவுக்கு வேலையை விடுவது என்றுதான் பொருள். காலையில் பூஞ்சோலைக்கு முந்தைய பஸ்ஸோ 6.50-க்கு. மூன்று வயது மகள் ஏஞ்சலை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு அந்த பஸ்ஸைப் பிடிக்க அவள் ஜூன் மாதம் முழுக்க முயன்று பார்த்திருந்தாள். நான்கு நாள்தான் முடிந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அரிமளம் போய் பஸ் உரிமையாளர் செந்தமிழனைப் பார்த்தாள். அவருக்கு ஒரே பஸ். அதன்மேல் அவருக்கு இருக்கும் மரியாதை அவர் பேசும் விதத்திலேயே தெரியும். ‘வண்டி வந்துச்சு’ என்று சொல்லமாட்டார், ‘வண்டி வந்தாரு’ என்பார். ரீட்டா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். பஸ்ஸில் ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தார். அது மாதாமாதம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சராசரி நேரத்தை அனுப்பும். வல்லக்குறிச்சி விலக்கு: 8.10.

“கம்ப்யூட்டரே சொல்லுது ஆத்தா. நான் சொல்லல.”

சராசரி மட்டும் பார்த்தால் போதாது என்று ரீட்டா சொன்னாள். ஒருநாள் பஸ் பன்னிரண்டு நிமிடம் முந்தி வந்து மறுநாள் பன்னிரண்டு நிமிடம் பிந்தி வந்தாலும் சராசரி 8.10தான். எவ்வளவு சிதறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அவள் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள்.

செந்தமிழன் நியாயமானவர். அப்படியானால் எழுதிப் பார்க்கலாம், ஆனால் எழுதுவது ரீட்டாவாக இருக்கக் கூடாது என்றார். பஸ்மேல் குறை சொல்பவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்தால் அது எப்படி ஓடும் என்று தனக்குத் தெரியும் என்றார். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆளாக உண்ணாமலை முடிவானாள். விலக்கில் இட்லிக் கடை வைத்திருப்பவள். ரீட்டாவுக்கு அவசரத்துக்குச் சட்னி கொடுப்பாள். செந்தமிழனுக்குத் தூரத்துச் சொந்தம். திங்கள் முதல் சனி வரை, நான்கு வாரம், ஒருநாளைக்கு ஒரு வரி. அன்றைக்கு முந்தைய வாரத்தையும் அவள் ஏற்கெனவே பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்திருந்தாள். பஸ் பிந்துகிறது என்ற புலம்பலைத் தினமும் கேட்பவள் என்பதால் அவளுக்கே ஒரு ஆர்வம். ஆகவே ஆகஸ்ட் 3-ஆம் தேதியோடு இருபத்து நான்கு நாள் முடிந்தது.

ஆகஸ்டின் முதல் மூன்று நாளும் ரீட்டாவுக்குத் தாமதம். மாதம் முடிய இருபத்து நான்கு வேலை நாள் இருந்தது. இன்னும் இரண்டு தாமதம் தாங்கும். மூன்று தாங்காது.

சனிக்கிழமை மாலை உண்ணாமலையின் மகள் கார்முகில் நோட்டில் இருந்ததைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். தேதி இல்லை, நேரம் மட்டும். ரீட்டா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியைத் திறந்தாள். பேட்டரி செத்து நாளாகிவிட்டது. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் கல்லூரிக் காலத்திலிருந்து அப்படியே இருந்தது. எட்டு மணியைப் பூஜ்ஜியமாக வைத்து, ஒவ்வொரு நேரத்தையும் நிமிடமாக மாற்றினாள். 7.58 என்றால் கழித்தல் இரண்டு, 8.22 என்றால் இருபத்திரண்டு.

சராசரி கேட்டாள். பத்து என்று வந்தது. செந்தமிழன் சொன்ன அதே 8.10. வீச்சு கேட்டாள். மிகச் சிறியது 7.53, மிகப் பெரியது 8.28, இடையில் முப்பத்தைந்து நிமிடம். பிறகு எஸ், டி என்று இரண்டே எழுத்துக் கட்டளையைத் தட்டினாள். திட்ட விலக்கம் 12.6 நிமிடம்.

ஒரு பஸ் தன் சராசரியிலிருந்து சாதாரணமாகவே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் முன்னே பின்னே போகிறது என்றால் அதை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது. ரீட்டா எதிர்பார்த்தது ஐந்தோ ஆறோ. பன்னிரண்டரையைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணக்குப் போடுவதற்கு முன் தரவைப் படமாக வரைந்து பார் என்பது அவளுடைய முதல் செமஸ்டரின் முதல் பாடம். அதை அன்று செய்யவில்லை. தான் ஒருநாளும் 7.53-க்கு அந்த பஸ்ஸில் ஏறியதில்லை என்பதும் அப்போது தோன்றவில்லை. வேண்டிய எண் கிடைத்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. ரீட்டா தேவாலயத்தில் காலைப் பூசை முடித்து வந்ததும், பத்து மணிக்கு உண்ணாமலை கடையில் எல்லாரும் கூடினார்கள். கடையில் கிரைண்டருக்கான பிளக் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைச் செருகினாள் ரீட்டா. செந்தமிழன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஓட்டுநர் ஐயனாரையும் நடத்துநர் மதுரைவீரனையும் அழைத்துவந்திருந்தார். ஐயனார் உட்காரவில்லை. பதினொரு வருடமாக இந்தத் தடத்தில் ஓட்டுபவர். ஒரு புள்ள கம்ப்யூட்டரை வைத்துத் தன்மேல் புகார் சொல்லப்போகிறது என்பதைக் காலையிலேயே கேள்விப்பட்டிருந்தார்.

ரீட்டா திரையைத் திருப்பி வைத்தாள். சராசரி 8.10 என்பதை முதலில் ஒப்புக்கொண்டாள். செந்தமிழன் தலையை ஆட்டினார். பிறகு அவள் குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

“ஆனா திட்ட விலக்கம் பன்னெண்டரை நிமிஷம் இருக்குங்கய்யா.”

“எந்த விலக்கு?” என்றார் செந்தமிழன்.

“விலக்கு இல்லங்கய்யா. விலக்கம்.”

மதுரைவீரன் இடையில் புகுந்தான். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் எத்தனையோ விலக்கு இருக்கிறது, கல்குவாரி விலக்கு, பாலிடெக்னிக் விலக்கு என்று, ஆனால் திட்ட விலக்கு என்று ஒரு இடத்துக்கு இதுவரை தான் டிக்கெட் கிழித்ததில்லை என்றான். உண்ணாமலை சிரித்ததில் இட்லித் தட்டு மூடி கீழே விழுந்தது.

ரீட்டாவும் சிரித்துவிட்டு, இது விலக்கில் எடுத்த நேரத்தின் விலக்கம் என்று விளக்கப் போனாள். அது இன்னும் குழப்பியது. அப்போதுதான் அதுவரை பேசாமல் நின்ற ஐயனார் கேட்டார்.

“விலக்குலன்னா, நான் உள்ள போகையிலயா, வெளிய வாரயிலயா?”

ரீட்டா உண்ணாமலையைப் பார்த்தாள்.

வல்லக்குறிச்சி ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பஸ் விலக்கில் திரும்பி ஊருக்குள் போய், ஆள் ஏற்றிக்கொண்டு, அதே வழியில் திரும்ப வந்து, பிறகுதான் புதுக்கோட்டைப் பக்கம் போகும். ஒரு காலைக்கு அந்த பஸ் விலக்கை இரண்டு முறை தாண்டும். இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தினமும் பார்ப்பது.

“பஸ்ஸு வந்தா எழுதணும்னு சொன்னீங்க, எழுதினேன்” என்றாள் உண்ணாமலை. “உள்ள போகையில பாத்தா அத எழுதுவேன். அந்நேரம் சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தா, திரும்பி வாரயில பாத்து எழுதுவேன். ரெண்டும் வாரதுதானே.”

ரீட்டா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, நேற்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஒரு பட்டை வரைபடம். இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு குவியல். நடுவில், எட்டு பத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், ஒன்றுமே இல்லை. சராசரியான 8.10 அந்த வெற்றிடத்தின் நடுவில் இருந்தது. நான்கு வாரத்தில் ஒருநாள்கூட அந்த பஸ் விலக்கில் 8.10-க்கு வரவில்லை.

எண்களை இரண்டாகப் பிரித்தாள். உள்ளே போனது பன்னிரண்டு நாள், சராசரி 7.58. வெளியே வந்தது பன்னிரண்டு நாள், சராசரி 8.22. இரண்டுக்கும் தனித்தனியாகத் திட்ட விலக்கம் கேட்டாள். இரண்டுமே மூன்று நிமிடம்.

அவள் அதை மறைக்கவில்லை. தன் கணக்கு தப்பு என்று சொன்னாள். இரண்டு வேறு நேரங்களை ஒன்றாகக் கொட்டியதால் வந்த பன்னிரண்டரை அது. ஐயனார் அண்ணன் மூன்று நிமிடத்துக்குள் ஓட்டுகிறார், இந்த ரோட்டில் அது பெரிய விஷயம் என்றாள்.

ஐயனார் அப்போது உட்கார்ந்தார். உண்ணாமலையிடம் ஒரு டீ கேட்டார். “மூணு நிமிஷம்” என்று மதுரைவீரனிடம் சொன்னார். சற்று நேரம் கழித்து மறுபடியும் சொன்னார்.

செந்தமிழனின் கைப்பேசியையும் ரீட்டா வாங்கிப் பார்த்தாள். சுருக்கத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போனால், ஜிபிஎஸ் ஒவ்வொரு நாளும் விலக்குக்கு இரண்டு நேரம் காட்டியது. கருவியும் உண்ணாமலை மாதிரிதான். விலக்கைச் சுற்றிக் குறித்திருந்த வட்டத்துக்குள் பஸ் நுழையும்போதெல்லாம் எழுதியிருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 8.10.

“அப்ப நம்ம பலகை?” என்றார் செந்தமிழன்.

பலகையில் இருந்தது கால அட்டவணையிலிருந்து எழுதியது. அட்டவணையில் ‘வல்லக்குறிச்சி 8.10’ என்று மட்டும் இருந்தது. அது ஊருக்கா விலக்குக்கா என்று யாரும் கேட்டதில்லை. 8.10-க்கு வண்டி எங்கே இருக்கும் என்று ரீட்டா ஐயனாரிடம் கேட்டாள். வல்லக்குறிச்சியில்தான் என்றார் அவர். ஊருக்குள், கோயில் முன்னால், என்ஜினை அணைத்து.

அங்கே என்ன நடக்கிறது என்பதை மதுரைவீரன் சொன்னான். 8.04-க்கு வண்டி ஊருக்குள் போய்விடும். அண்ணன் இறங்கி அங்குள்ள கடையில் நாலு இட்லி சாப்பிடுவார். அதற்குள் தன் கைப்பேசிக்கு அழைப்பு வர ஆரம்பித்துவிடும். கொஞ்சம் நிறுத்துங்க, தலை சீவிக்கிட்டு இருக்கேன். இந்தா வந்துட்டேன், செருப்ப மாட்டுறேன். எல்லாரும் வந்துசேர 8.16 ஆகும்.

ஐயனார் வேறு கடையில் சாப்பிடுகிறார் என்ற செய்தி உண்ணாமலைக்குப் புதிது. பதினொரு வருடம் தன் கடை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போய் அங்கிட்டுப் போய்த் தின்றிருக்கிறாரே என்று கேட்டாள். ஐயனார் டீயைப் பார்த்தார்.

செந்தமிழனுக்கு விஷயம் முடிந்துவிட்டதுபோலப் பட்டது. வண்டி ஒழுங்காக ஓடுகிறது, ஓட்டுநர்மேல் குறை இல்லை, பலகையை மாற்றி 8.22 என்று எழுதிவிடலாம் என்று எழுந்தார்.

“பஸ்ஸு ஒழுங்காத்தாங்கய்யா வருது” என்றாள் ரீட்டா. “ஒழுங்கா லேட்டா வருது. பலகையில எத எழுதினாலும் எனக்கு இந்த மாசத்தோட வேல போயிரும்.”

அவர் உட்கார்ந்தார். அவள் மருத்துவமனையின் விதியைச் சொன்னாள். ஆறாவது தாமதம், மதிய ஷிப்ட், பத்து மணிக்கு மேல் பஸ் இல்லாதது. இன்னும் இரண்டுதான் மிச்சம் இருப்பது. விலக்கில் 8.18-க்குள் ஏறினால் தனக்குப் போதும் என்றாள்.

அப்படியானால் அட்டவணைப்படி ஊரைவிட்டுச் சரியாக 8.10-க்குக் கிளம்பிவிடுவது என்றார் செந்தமிழன். விலக்குக்கு 8.16. இரண்டு நிமிடம் கையில் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

ரீட்டா மடிக்கணினியில் தட்டினாள். 8.16 என்பது சராசரி. மூன்று நிமிடத் திட்ட விலக்கம் இருந்தால் நான்கு நாளில் ஒருநாள் 8.18-ஐத் தாண்டும். இருபத்து நான்கு நாளில் ஆறு நாள். ஏற்கெனவே மூன்று. மொத்தம் ஒன்பது.

ஊரை 8.08-க்கு விட்டால் எப்படி என்று செந்தமிழன் கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது. இப்போது அவரும் கணக்குக்குள் வந்துவிட்டார். அவள் மறுபடி தட்டினாள். பதினொரு நாளில் ஒருநாள். மாதத்தில் இரண்டு.

“ரெண்டு நிமிஷத்துல ஆறு ரெண்டாயிருமா?”

“ஆயிருங்கய்யா.”

அவர் திரையை எட்டிப் பார்த்தார். எண் அங்கே இருந்தது. ஆனால் இரண்டு என்பதும் சராசரிதான், அது மூன்றாகவும் வரலாம் என்றாள் ரீட்டா. 8.06 கிடைத்தால் நல்லது. ஐயனார் தலையை அசைத்தார். 8.04-க்குப் போய் 8.06-க்குக் கிளம்பினால் மனிதன் வாயில் தண்ணீர்கூட ஊற்ற முடியாது.

அப்போது ரீட்டா இன்னொரு வழி சொன்னாள். நேரத்தை மாற்ற வேண்டாம், 8.08-ஏ இருக்கட்டும். அந்த மூன்று நிமிடத்தைக் குறைக்கலாம். மூன்று எங்கிருந்து வருகிறது? ஐயனார் அண்ணன் ரோட்டில் நேரத்தை விடுவதில்லை. உள்ளே போகையில் இருக்கும் முன்பின் ஊருக்குள் நிற்பதில் சரியாகிவிடுகிறது; வெளியே வரும்போது இருப்பது ஆளுக்குக் காத்திருப்பதில் வருகிறது. ஒருநாள் இரண்டு பேர் அழைப்பார்கள், ஒருநாள் ஏழு பேர். மதுரைவீரன் கைப்பேசியை எடுக்காமல் இருந்தால் மூன்று இரண்டாகும். இரண்டானால் 8.08-க்குக் கிளம்பினாலே மாதத்தில் ஒரு தாமதம் வருவதே சந்தேகம்.

எல்லாரும் மதுரைவீரனைப் பார்த்தார்கள். அவன் மாமியார் வீடு வல்லக்குறிச்சியில் இருக்கிறது. தினமும் கடைசியாக அழைப்பது அவன் மாமியார்தான். அதை அவன் இதுவரை சொல்லவில்லை. உண்ணாமலை சொன்னாள்.

“நீங்களே அவுங்கட்ட சொல்லிருங்க முதலாளி” என்றான் மதுரைவீரன். “நான் சொன்னா எனக்கு வீட்ல சோறு கிடைக்காது.”

செந்தமிழன் அங்கிருந்தே அழைத்துச் சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சு ஓடியது. அவர் நாலைந்து முறை ‘ஆமாங்க’ என்றார். பிறகு வைத்தார். ஒத்துக்கொண்டார்கள் என்றார். எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று மதுரைவீரன் கேட்டதற்கு, திட்ட விலக்கம் கூடிப்போச்சு, கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்று சொன்னதாகச் சொன்னார்.

இட்லி விஷயமும் அப்போதே முடிந்தது. 7.58-க்கு உள்ளே போகும்போது உண்ணாமலை பொட்டலத்தை ஓட்டுநர் ஜன்னலில் கொடுப்பாள். ஊருக்குள் நிற்கும் நான்கு நிமிடத்தில் ஐயனார் சாப்பிட்டுக்கொள்வார். மூன்று இட்லிதான் முடியும், நாலாவது முடியாது என்று அவர் சொன்னதை ரீட்டா மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை 8.06-க்கு ஐயனார் ஊருக்குள் நீளமாக ஹாரன் அடித்தார். 8.08-க்குக் கிளம்பினார். முதல் நாள் ஆறு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். இரண்டாம் நாள் நான்கு பேர். வியாழக்கிழமை மதுரைவீரனின் மாமியார் தலையில் ஈரத்துண்டோடு 8.05-க்கே வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, நேரத்துக்கு வரத் தெரியாத ஜனங்களைப் பற்றிப் புதுக்கோட்டை வரை பேசிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யாரும் பஸ்ஸின் பின்னால் ஓடவில்லை.

உண்ணாமலை தொடர்ந்து எழுதினாள். இப்போது நோட்டில் இரண்டு பத்தி: ‘போச்சு’, ‘வந்துச்சு’. வாராவாரம் கார்முகில் அனுப்ப, ரீட்டா முதலில் படம் வரைந்து பார்த்துவிட்டுப் பிறகு கணக்குப் போட்டாள். ‘வந்துச்சு’ பத்தியின் திட்ட விலக்கம் முதல் வாரம் 2.7, இரண்டாம் வாரம் 2.1, கடைசி வாரம் 1.9. ஐயனார் தினமும் அவள் ஏறும்போது எண்ணைக் கேட்டார். வாரத்துக்கு ஒருமுறைதான் போட முடியும் என்று அவள் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 12 அன்று ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே போனது. விலக்குக்கு 8.20. ரீட்டாவுக்கு நான்காவது தாமதம். ஆகஸ்ட் 22 அன்று டயர் காற்று இறங்கியது. 8.31. ஐந்தாவது. அன்று மதியம் சிவரஞ்சனி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, செப்டம்பர் பட்டியலை இன்னும் எழுதவில்லை என்பதைத் தவிர. மிச்சம் எட்டு நாள் இருந்தது. ரீட்டா அந்த எட்டு நாளுக்கான வாய்ப்பை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தாள். டயர் காற்று அந்தக் கணக்கில் வராது என்று தெரிந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டாள்.

ஆகஸ்ட் 31, சனிக்கிழமை பஸ் விலக்குக்கு 8.15-க்கு வந்தது. மாதத்தின் மொத்தத் தாமதம் ஐந்து. செப்டம்பர் மாதப் பணிப்பட்டியலில் ரீட்டாவின் பெயர் காலை ஷிப்டில் இருந்தது.